சாக் பெயின்ட் அடித்த சைட்போர்டுக்கு எந்த மெழுகு?

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் பழைய சைட்போர்டு (சாப்பாட்டறைத் தாழ்வு அலமாரி) ஒன்றுக்கு வெள்ளை சாக் பெயின்ட் (பளபளப்பில்லாத, சுண்ணம் பூசியது போன்ற பெயின்ட்) இரண்டு கோட் அடித்து, 24 மணி நேரம் காய்ந்துவிட்டது. மேலே பூச எந்த மெழுகு நல்லது, சொல்லுங்களேன்.

தேன்மெழுகு 62–64 டிகிரியிலேயே உருகும். கார்னாபா (ஒரு பனைவகை இலையில் கிடைக்கும் கடின மெழுகு) 80க்கு மேல்தான். இங்கே கோடையான ஜனவரிப் புழுக்கத்தில் வெறும் தேன்மெழுகைத் தடிமனாகப் பூசினால் பிசுபிசுவென்று விரல்ரேகை அப்படியே பதியும், தூசியும் ஒட்டும். ஆகவே கார்னாபா கலந்தது, வெள்ளையை மஞ்சளாக்காதது வேண்டும். ஓரங்களுக்குப் பழுப்பு மெழுகு ஆசைதான். நேரே தேய்த்தால் பெயின்ட் உறிஞ்சித் திட்டுத் திட்டாகிவிடும், அடியில் நிறமில்லா மெழுகு ஒரு கை கட்டாயம்.

மேல்பலகையில் சூடான டீ குவளை வைப்பார்கள். அங்கே மட்டும் வாட்டர்பேஸ் வார்னிஷ் அடிக்கலாமா? மெழுகின்மேல் வார்னிஷ் பிடிக்காது, இப்போதே முடிவு செய்தாக வேண்டும். இந்த ஈரக்காற்றில் மெழுகு முழுதாக இறுக எத்தனை வாரம் விடுகிறீர்கள்?