புது ஆம்ப்பில் பாடகர் குரல் மட்டும் தூரத்தில் கேட்கிறது, பெரிய ஆம்ப் வாங்கவா? (அவசரம்)

நள்ளிரவு ஆட்டக்காரன்:
வணக்கம். பாட்டு, கேம், சினிமா மூன்றுக்கும் ஒரே ஹெட்ஃபோன் போதும் என்று முடிவு செய்து, மூன்று மாதம் விமர்சனங்களாகப் படித்து, 250 ஓம் மின்தடை உள்ள ஹெட்ஃபோன் ஒன்றும் அதற்கு ஒரு ஆம்ப்பும் (ஒலிச் சைகைக்குச் சக்தி கூட்டும் பெட்டி) வாங்கினேன். நேற்று மாட்டிக் கேட்டதிலிருந்து மனசே சரியில்லை. வயலினும் கோரஸும் காதைச் சுற்றிப் பிரமாதமாக வருகின்றன. பாடுகிறவர் மட்டும் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடுவது போல இருக்கிறது. டிரம் அடி சப்பென்று விழுகிறது. படம் பார்த்தால் வசனம் புரிய வால்யூமை முக்கால் வரை ஏற்ற வேண்டும். ஏற்றினால் மழைச் சத்தமும் பின்னணி இசையும் காதைப் பிளக்கின்றன. கேமில் எதிரி இடப்பக்கம் வருகிறானா வலப்பக்கம் வருகிறானா என்றே தெரியவில்லை.

ஆம்ப்புக்குச் சக்தி போதவில்லை என்றுதான் நினைக்கிறேன். திருப்பி அனுப்பிவிட்டு இன்னும் பெரியதாக வாங்கலாமா? திருப்பி அனுப்ப நாளைதான் கடைசி நாள். யாராவது உடனே சொல்லுங்கள்.

தாளம்77:
எந்த ஹெட்ஃபோன்? எந்த மாதிரி ஆம்ப்? கணினியா, ஃபோனா, கேம் கன்சோலா? எந்த வழியாக இணைத்திருக்கிறீர்கள், யூஎஸ்பியா, ஆப்டிக்கலா, 3.5 மி.மீ. துளையா? இவ்வளவும் தெரியாமல் நாளைக்குள் எப்படிச் சொல்வது நண்பரே?

வால்வு ரசிகன்:
எனக்கும் இதே அனுபவம் உண்டு. டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் 250 ஓம் ஹெட்ஃபோனைக் கேட்டால் குரலில் சதையே இருக்காது. வால்வு ஆம்ப்புக்கு, அதாவது கண்ணாடிக் குழாய் வகைக்கு மாறினேன், பாடகர் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார். யோசிக்காமல் திருப்பி அனுப்புங்கள்.

ஓம் விதி:
வாரம் ஒருமுறை யாராவது இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். ஹெட்ஃபோன் பெட்டியில் உள்ள இரண்டு எண்களைப் படிக்கும் பழக்கம் இருந்தால் பாதி இழைகளுக்குத் தேவையே இருக்காது. ஓம் மட்டும் பார்த்து ஆம்ப் வாங்கக் கூடாது. ஒரு மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல் என்ற எண்ணையும் பார்க்க வேண்டும்.

250 ஓமில் ஒரு மில்லிவாட் என்றால் அரை வோல்ட். ஹெட்ஃபோன் அந்த ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வோல்ட்டை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் கூடும். ஆக 1 வோல்ட்டில் 102, 2 வோல்ட்டில் 108. மேசைமேல் வைக்கும் சாதாரண ஆம்ப்பே 2 வோல்ட்டைத் தாராளமாகத் தரும். அதற்கு மேல் உங்கள் காதுதான் கெடும். வாட் இருமடங்கானால் கூடுவது வெறும் 3 டெசிபல். இதையெல்லாம் தெரிந்துகொண்டு பிறகு கேள்வி கேட்டால் நன்றாக இருக்கும்.

நள்ளிரவு ஆட்டக்காரன்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஹெட்ஃபோன் பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ. ஆம்ப் டாக்கோடு (டிஜிட்டல் ஒலியை மின் சைகையாக மாற்றும் பகுதி) சேர்ந்தது, யூஎஸ்பி வழியாகக் கணினியில். விண்டோஸ். மற்றதெல்லாம் வழக்கம்போலத்தான்.

இருட்டறை:
நான் பெரும்பாலும் படம் பார்க்கிறவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். 5.1, அதாவது ஆறு ஸ்பீக்கருக்கான ஒலித்தடத்தில் வசனம் பெரும்பாலும் நடுச் சானலில்தான் இருக்கும். இரண்டு காதுக்குச் சுருக்கும்போது அந்த நடுச் சானலை இடதுக்கும் வலதுக்கும் சமமாகப் பங்கிட வேண்டும். பிளேயரோ விண்டோஸோ உங்களிடம் ஆறு ஸ்பீக்கர் இருப்பதாக நினைத்துக்கொண்டால் வசனம், உங்களிடம் இல்லாத ஸ்பீக்கருக்குப் போய்விடும். ஒலி அமைப்பில் ஸ்டீரியோ என்று இருக்கிறதா பாருங்கள்.

இன்னொன்று. கேமுக்குள்ளும் சரவுண்ட் (சுற்றிலும் கேட்கும் ஒலி) போட்டு, விண்டோஸிலும் சரவுண்ட் போட்டிருந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் திசை குழம்பும். ஏதாவது ஓரிடத்தில் மட்டும் போடுங்கள்.

நள்ளிரவு ஆட்டக்காரன்:
ஸ்டீரியோ என்றுதான் இருக்கிறது. சரவுண்ட் எங்கேயும் இல்லை. சாதாரணப் பாட்டிலும் இதே கதைதான்.

தாளம்77:
டிடி 990 ப்ரோ என்றால் ஒன்று சொல்ல வேண்டும். அதன் சுபாவமே கீழேயும் மேலேயும் தூக்கல், நடுவில் பள்ளம். 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர்மை உண்டு, 'ச', 'ஸ' எழுத்துகள் குத்தும். ஒலியின் கீழ், நடு, மேல் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளைப் போட்டு அந்த இடத்தை 5 டெசிபல் குறைத்துப் பாருங்கள். குரலுக்காகவே கேட்பவர் என்றால் சென்ஹைசர் எச்டி 600 பக்கம் போகலாம். 1997-இல் வந்தது, இன்றைக்கும் குரலுக்கு அதைத்தான் நான் எடுப்பேன். ஆனால் கேமில் குண்டு வெடிக்கும்போது அடிவயிற்றில் உணர வேண்டும் என்றால் அது உங்களுக்குச் சரிப்படாது, கீழ் ஒலி அதில் மெலிவு.

ஆனாலும் டிரம் அடி சப்பென்று விழுகிறது என்கிறீர்கள், அது இந்த ஹெட்ஃபோனின் குணம் இல்லையே. அதுதான் இடிக்கிறது.

வால்வு ரசிகன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். டிரம் சப்பென்று விழுகிறது என்றால் ஆம்ப் தள்ளாடுகிறது என்று அர்த்தம். வால்வில் கீழ் ஒலி உருண்டு வரும், கேட்டவருக்குத் தெரியும்.

ஓம் விதி:
உருண்டு வருவது வால்வின் மகிமை இல்லை. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப்களுக்கு அவுட்புட் இம்பீடன்ஸ் (ஆம்ப்பின் வெளியேறும் வழியில் உள்ள மின்தடை) அதிகம். எச்டி 600-இன் பெட்டியில் 300 ஓம் என்று போட்டிருந்தாலும் 100 ஹெர்ட்ஸ் பக்கம் அது 500 ஓமைத் தாண்டும். அதன் முன்னால் ஆம்ப்பின் 120 ஓம் நின்றால் அந்த இடத்தில் மட்டும் சுமார் 1 டெசிபல் கூடும். நீங்கள் சதை என்று சொல்வது அந்த ஒரு டெசிபலைத்தான். ஈக்குவலைசரில் ஒரு நொடி வேலை.

வால்வு ரசிகன்:
இருபது வருடமாகக் கேட்கிற காது எனக்கு. கணக்கு போட்டுப் பாட்டுக் கேட்க முடியாது ஐயா. ஒரே இசைத்தட்டை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டு என் வீட்டில் எல்லாரும் வித்தியாசம் கேட்டிருக்கிறோம்.

ஓம் விதி:
இரண்டின் சத்தத்தையும் வோல்ட்மீட்டர் வைத்துச் சமப்படுத்தினீர்களா? அரை டெசிபல் கூடுதலாக இருந்தாலே அதுதான் நல்லது என்று காது சொல்லும். எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டீர்களா? இந்த இரண்டும் இல்லாமல் செய்தது சோதனை ஆகாது. கேட்கப் பிடித்திருந்தால் வால்வை வைத்துக்கொள்ளுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தெரியாதவரை அதை வாங்கச் சொல்லாதீர்கள்.

இருட்டறை:
இரண்டு பேரும் தனி இழை திறந்து பேசுங்களேன். அவருக்கு நாளைதான் கடைசி நாள்.

சாலிடர் கை:
தம்பி, ஒரே ஒரு கேள்வி. ஹெட்ஃபோன் பிளக்குக்கும் ஆம்ப் துளைக்கும் நடுவில் ஏதாவது இருக்கிறதா? நீட்டிப்பு வயர், அடாப்டர், பிரிப்பான், எதுவானாலும் சொல்லுங்கள். அப்புறம், அதே ஹெட்ஃபோனை ஃபோனில் நேராக மாட்டினால் எப்படி இருக்கிறது?

நள்ளிரவு ஆட்டக்காரன்:
ஃபோனில் மாட்டினேன். சத்தம் குறைவு, ஆனால் குரல் சரியாக நடுவில் வருகிறது. ஆம்ப்பின் துளை பெரிது, 6.35 மி.மீ. அதனால் ஒரு அடாப்டர் போட்டிருக்கிறேன். பழையது, மேசை டிராயரில் கிடந்தது. ஏன் கேட்கிறீர்கள்?

வால்வு ரசிகன்:
ஃபோனில் சரி, ஆம்ப்பில் தப்பு. அப்படியென்றால் ஆம்ப்தான் பழுது. முடிந்தது.

சாலிடர் கை:
ஆம்ப்பைக் குறை சொல்லும் முன் அந்த அடாப்டரைப் பார்ப்போம். நான் பழுது பார்க்கிறவன். "குரல் மட்டும் காணாமல் போச்சு" என்று வருகிற ஹெட்ஃபோன்களில் பெரும்பாலும் கிரவுண்ட்தான் விட்டிருக்கும்.

பிளக்கை எடுத்துப் பாருங்கள். நுனி இடது, நடு வளையம் வலது, கேபிள் பக்கம் உள்ள நீளமான பகுதி கிரவுண்ட். இரண்டு காதுக்கும் போன மின்சாரம் திரும்பி வர அந்த ஒரே வழிதான். அடாப்டருக்குள் அந்தத் தொடர்பு தளர்ந்திருந்தால் திரும்பி வர வழி இல்லை. அப்போது இடது டிரைவரும் வலது டிரைவரும் (காதருகே ஒலி எழுப்பும் சிறு ஸ்பீக்கர்கள்) தொடராகச் சேர்ந்துகொள்கின்றன. இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் இரண்டு வழியாகவும் ஓடும்.

பாடகர் குரல், பேஸ், பெரிய டிரம், பட வசனம், இவை நான்கையும் ஒலிப்பதிவில் பெரும்பாலும் நட்ட நடுவில் வைப்பார்கள், அதாவது இரண்டு பக்கமும் ஒரே அளவு. வித்தியாசம் பூஜ்யம், அதனால் அவை மறைந்துவிடுகின்றன. குரலுக்குப் போட்ட எதிரொலி இரண்டு பக்கமும் வேறு வேறாக இருப்பதால் அது மட்டும் தங்கும். கதவைச் சாத்திக்கொண்டு பாடுவது போல என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. கேமில் திசை தெரியாததற்கும் காரணம் இதுதான். இரண்டு காதிலும் ஒரே வித்தியாச ஒலி, ஒரே அளவில் கேட்கிறது. அப்புறம் மூளை எதை வைத்து இடம் வலம் சொல்லும்?

இப்போதே சோதிக்கலாம். விண்டோஸ் அமைப்புகளில் அணுகல்தன்மை, அதற்குள் ஆடியோ, அங்கே மோனோ ஆடியோ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். பாட்டு ஓடும்போது அதைப் போடுங்கள். ஹெட்ஃபோன் நன்றாக இருந்தால் பாட்டு நடுவுக்கு வரும், அவ்வளவுதான். கிரவுண்ட் விட்டிருந்தால் கிட்டத்தட்ட முழு அமைதி. அதோடு, பாட்டு ஓடும்போதே அடாப்டருக்குள் பிளக்கை மெதுவாகத் திருகிப் பாருங்கள். ஏதாவது ஒரு நிலையில் குரல் சட்டென்று முன்னால் வந்து மறுபடி போகும்.

முக்கியமாக ஒன்று. குரலைத் தேடி வால்யூமை முக்கால் வரை ஏற்றி வைத்திருக்கிறீர்கள். திருகும் முன் நன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். குரல் ஒரே அடியாகத் திரும்பினால் காது தாங்காது.

ஓம் விதி:
சாலிடர் கை சொல்வது சரி. ஃபோனில் சத்தம் குறைவாக இருப்பதும் கணக்குக்கு ஒத்துவருகிறது, ஃபோனில் செருகும் சிறிய ஒலி டாங்கிள்கள் பல ஒரு வோல்ட் அளவில் நின்றுவிடும். அடாப்டர் உண்டா என்று நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

மெல்லிசை நேயன்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நானும் இதே மூன்று வேலைக்குத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். திறந்த வகை வாங்கவா, மூடிய வகை வாங்கவா? 7.1 (எட்டு ஸ்பீக்கர் ஒலி) என்று போட்டு வரும் கேமிங் ஹெட்செட் இதைவிட மேலா?

இருட்டறை:
அறையில் வேறு ஆள் தூங்குவார் என்றால் மூடியது. திறந்ததில் உங்கள் படம் முழுவதும் அவருக்கும் கேட்கும். நான் மூடியதைத்தான் வைத்திருக்கிறேன், படத்துக்கு அந்த இருட்டு வேண்டும்.

தாளம்77:
தனி அறை என்றால் திறந்ததுதான், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒலி தலைக்கு வெளியே விரிகிறது, மூன்று மணி நேரம் விளையாடினாலும் காது வேர்க்காது. 7.1 என்று எழுதியிருக்கும் பெரும்பாலானவற்றில் ஒரு காதுக்கு ஒரு டிரைவர்தான். மீதி மென்பொருள் வேலை, அதை எந்த ஸ்டீரியோ ஹெட்ஃபோனிலும் செய்யலாம். நல்ல ஸ்டீரியோ ஹெட்ஃபோன் வாங்கித் தனியாக ஒரு மைக் வைத்துக்கொள்ளுங்கள். ப்ளூடூத் ஹெட்செட் மட்டும் வேண்டாம். மைக்கைத் திறந்ததும் பல சாதனங்களில் பாட்டின் தரம் தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடும்.

இருட்டறை:
வேர்ப்பது வெல்வெட்டா தோலா என்பதைப் பொறுத்தது. டிடி 770 மூடியதுதான், வெல்வெட் பஞ்சு, எனக்கு ஒருநாளும் வேர்த்ததில்லை.

ஓம் விதி:
மெல்லிசை நேயன், ஆம்ப் பற்றியும் ஒரு வரி. 32 ஓம் வகை எடுத்தால் பெரும்பாலும் ஆம்ப் இல்லாமலே ஓடும். அவுட்புட் இம்பீடன்ஸ் ஹெட்ஃபோன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், 32-க்கு 4 ஓம். முதலில் ஹெட்ஃபோன் வாங்குங்கள், ஒரு வாரம் கேளுங்கள். வால்யூம் முழுவதும் ஏற்றியும் போதவில்லை என்றால் அப்போது ஆம்ப் வாங்கலாம்.

நள்ளிரவு ஆட்டக்காரன்:
அடாப்டர்தான். மோனோ போட்டதும் அமைதி. ஹெட்ஃபோனோடு வந்த திருகு அடாப்டர் பெட்டியில் பஞ்சுக்கு அடியில் இருந்தது, கடைசி வரை திருகிப் போட்டேன். குரல் நெற்றிக்கு நேரே வந்துவிட்டது. வால்யூம் இப்போது கால் பங்கு. ஆம்ப்பைத் திருப்பி அனுப்பவில்லை. எல்லாருக்கும் நன்றி, விளையாடப் போகிறேன்.

தாளம்77:
மகிழ்ச்சி. 8 கிலோஹெர்ட்ஸ் குத்துகிறதா இல்லையா என்று நாலு நாள் கழித்து ஒரு வரி எழுதுங்கள்.

புதுமுகம்_3:
எனக்கும் குரல் தூரமாகத்தான் கேட்கிறது. மைக் வைத்த ஹெட்செட். என்ன செய்யலாம்?

சாலிடர் கை:
பிளக்கில் கறுப்பு வளையம் இரண்டா மூன்றா? எதில் மாட்டுகிறீர்கள்? கேபிளில் உள்ள பட்டனை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்பி வருகிறதா? இந்த மூன்றையும் எழுதுங்கள், பார்ப்போம்.