ரிஃப்ட் போல்ட்டைத் தடுக்க விடவில்லை: இது நியாயமா?

மூடுபனி (ஹட்டன்)

ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் நடந்த மேஜிக் கார்டு ஆட்டத்தைப் பற்றி எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிடுகிறேன். என் உயிர்ப்புள்ளி 3, அது பூச்சியமானால் தோல்வி. தலவாக்கலைத் தம்பி ஒரு சிவப்பு மானாவைக் (கார்டை ஏவக் கொடுக்கும் மந்திர சக்தி) கொடுத்து, 3 சேதம் செய்யும் ரிஃப்ட் போல்ட் கார்டைக் கையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்து, அதன்மேல் ஒரு தேயிலைக் கொட்டையை வைத்தான். (கவுன்டருக்கு, அதாவது எண்ணிக்கை காட்டும் அடையாளத்துக்கு, பகடை வாங்க எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.) என் கையில் எதிராளியின் மந்திரத்தைத் தடுக்கும் கவுன்டர்ஸ்பெல் இருந்தது, அதற்கு வேண்டிய இரண்டு நீல மானாவும் இருந்தது. "தடுக்கிறேன்" என்றேன். "முடியாது அண்ணா, இது சஸ்பெண்ட், இன்னும் மந்திரமே ஆகவில்லை" என்றான்.

சரியென்று, என் முறை வந்ததும் இருந்த மானா முழுவதையும் கொட்டி ஒரு பெரிய உயிரினத்தை இறக்கினேன். அவன் முறை தொடங்கியது. கொட்டையை எடுத்தான். 3 சேதம். நான் எழுந்து தேநீர் குடிக்கப் போய்விட்டேன்.

மானா கொடுத்தாயிற்று, கார்டின் முகம் தெரிகிறது, அடி யாருக்கு என்பது ஊருக்கே தெரியும். இதை ஏவியதாகக் கொள்ளாமல் வேறு எதை ஏவியதாகக் கொள்வது?

சிவப்பு மலை (தலவாக்கலை)

அண்ணா, அம்மா கொழுந்து பறிக்கிறவர் என்பதால் எனக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன். கூடை நிறைந்துவிட்டது என்பதற்காகப் பெயர் (அன்றைய கூலிக்கான பதிவு) விழுந்துவிடாது. தராசில் நிறுத்துப் பதிந்தால்தான் பெயர். அதுவரை அது வெறும் கொழுந்து. நான் கூடையில் போட்டதை நீங்கள் தராசில் தடுக்கப் பார்த்தீர்கள்.

மூடுபனி

அழகான உவமை. தராசுக்குப் போகிற வழியில் கூடையைத் தட்டிவிட வழி இருக்கிறதா இல்லையா என்பதுதானே தம்பி என் கேள்வி?

ஊவா வாசல் (பண்டாரவளை)

இரண்டு பேரும் கார்டில் இருக்கிற வரியைச் சொல்லாமலேயே சண்டையிடுகிறீர்கள். சஸ்பெண்ட் என்பது 2006இல் டைம் ஸ்பைரல் கார்டுத் தொகுப்போடு வந்த திறன். ரிஃப்ட் போல்ட்டை நேராக ஏவ 3 மானா வேண்டும். அதற்குப் பதில் ஒரே ஒரு சிவப்பு மானாவைக் கொடுத்து, ஒரு டைம் கவுன்டருடன் கார்டை எக்ஸைலில் (ஆட்டத்திலிருந்து ஒதுக்கிய இடத்தில்) வைக்கலாம். அவரவர் முறையின் தொடக்கத்தில் வரும் அப்கீப்பில் ஒரு கவுன்டர் குறையும். கடைசிக் கவுன்டர் போனதும் மானா கொடுக்காமல் ஏவலாம்.

எக்ஸைலில் வைப்பது நிலக் கார்டை இறக்குவதைப் போன்ற ஒரு சிறப்புச் செயல். அது ஸ்டாக்கில், அதாவது ஏவிய மந்திரங்கள் நிறைவேறக் காத்திருக்கும் வரிசையில், ஏறுவதில்லை. கவுன்டர்ஸ்பெல் பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றுமே இல்லை. அடி யாருக்கு என்பது ஊருக்குத் தெரிந்திருக்கலாம், ஆட்டத்திற்குத் தெரியாது. இலக்கு தேர்வாவது மறு முறை ஏவும்போதுதான். தம்பி மனம் மாறி உங்கள் உயிரினத்தையும் அடித்திருக்கலாம்.

ஆனால் கடைசிக் கவுன்டர் போய் அது ஸ்டாக்கில் ஏறியபோது முழு மந்திரம். அப்போது இரண்டு நீல மானா இருந்திருந்தால் தாராளமாகத் தடுத்திருக்கலாம். உங்களைத் தோற்கடித்தது நீங்கள் இறக்கிய அந்தப் பெரிய உயிரினம்.

மூடுபனி

அக்கா, அப்படியே இருக்கட்டும். ஆனால் ரிஃப்ட் போல்ட் சோர்சரி என்ற வகை மந்திரம். சோர்சரியை ஏவ வேண்டியது அப்கீப்புக்குப் பின் வரும் பிரதான கட்டத்தில். அவன் ஏவியது அப்கீப்பில். இதற்கு என்ன பதில்?

ஊவா வாசல்

நல்ல கேள்வி, முதல் கேள்வியைவிட நல்ல கேள்வி. எக்ஸைலில் வைக்கும்போதுதான் சோர்சரியின் நேரம் பார்க்க வேண்டும்: தன் முறை, பிரதான கட்டம், வெறுமையான ஸ்டாக். ஏவச் சொல்வது சஸ்பெண்ட் திறனே. அது சொல்லும்போது கார்டின் வகைக்கான நேரக் கட்டுப்பாடு கணக்கில் வராது.

வேறு கட்டுப்பாடுகள் வரும். அதே தொகுப்பில் 'டெஃபெரி, மேஜ் ஒஃப் ஸல்ஃபிர்' என்ற மந்திரவாதி இருக்கிறார். அவர் உங்கள் பக்கம் இருந்தால், எதிராளி சோர்சரி ஏவக்கூடிய நேரத்தில் மட்டுமே எதையும் ஏவலாம். அப்கீப் அந்த நேரம் இல்லை. ரிஃப்ட் போல்ட் எக்ஸைலிலேயே கிடந்து போகும். கூடையைத் தட்டிவிட வேண்டுமென்றால் ஸ்டைஃபிள் என்ற கார்டு இருக்கிறது. கடைசிக் கவுன்டர் போனதும் தானாக எழுந்து ஏவச் சொல்லும் தூண்டலை ஸ்டைஃபிளால் அடித்தால், கவுன்டரும் இல்லாமல் ஏவவும் முடியாமல் கார்டு அங்கேயே தங்கிவிடும்.

'மானா கொடுக்காமல்' என்பதையும் எல்லாமே இலவசம் என்று வாசிக்கக்கூடாது. எதிரே, உயிரினமல்லாத மந்திரங்களுக்கு ஒரு மானா கூடுதலாகக் கேட்கும் தேலியா நின்றால் அந்த மானாவை அப்கீப்பிலேயே எடுத்து வைக்க வேண்டும்.

பழைய பெட்டி (பதுளை)

விதியில் அக்கா சொன்னதற்கு மறுப்பில்லை. எனக்கு இந்தத் திறன்மேலேயே நம்பிக்கையில்லை. எங்கள் பக்கத்தில் சஸ்பெண்ட் என்றால் வேலையிலிருந்து இடைநிறுத்தப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது. கார்டும் அதையேதான் செய்கிறது. அன்செஸ்ட்ரல் விஷனைப் பாருங்கள். ஒரு நீல மானா, நான்கு கவுன்டர், பிறகு மூன்று கார்டு. 1993இன் அன்செஸ்ட்ரல் ரீகால் அதே ஒரு மானாவுக்கு அந்த மூன்று கார்டையும் அந்த நொடியே தந்தது. விஷனுக்கு மானா விலையே அச்சிடப்படவில்லை, கையிலிருந்து நேராக ஏவ வழியே இல்லை. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் அது கைக்கு வந்தால் விசிறிக்கொள்ள உதவும், நுவரெலியாவில் அதற்கும் தேவையிருக்காது.

சிவப்பு மலை

பயனற்ற கார்டையா மொடர்ன் ஆட்டமுறையில் 2011இல் தடை செய்து 2016 வரை வைத்திருந்தார்கள்?

பழைய பெட்டி

2016இல் விடுவித்தார்களே, வானம் இடிந்து விழுந்ததா? பயந்து கட்டிவைத்தார்கள், பிறகு பயம் தெளிந்தது. அவ்வளவுதான்.

ஊவா வாசல்

பெட்டி அண்ணா, நீங்கள் தாமதத்தை மட்டும் பார்க்கிறீர்கள். தீபாவளி முற்பணத்தை நினைத்துப் பாருங்கள். பணம் இன்றைக்கு, பிடித்தம் பிறகு மாதாமாதம் சம்பளத்தில். ஆட்டத்திலும் அதற்கு ஒரு கார்டு உண்டு. 2007இல் வந்த பாக்ட் ஒஃப் நெகேஷன். விலை பூச்சியம், இப்போதே தடுக்கும். அடுத்த அப்கீப்பில் 5 மானா கட்டாவிட்டால் ஆட்டத்தையே இழப்பீர்கள். சஸ்பெண்ட் இதற்குத் தலைகீழ்: கையில் சில்லறை இருக்கும்போதே கட்டிவிட்டு, சரக்கைப் பிறகு வாங்குவது. முதல் முறையில் உங்களிடம் ஒரே ஒரு நிலம். அந்த ஒரு மானாவால் வேறு என்ன பெரிதாகச் செய்துவிடப் போகிறீர்கள்? ஐந்தாம் முறையில் மூன்று கார்டு வந்து சேரும்போது உங்கள் மானா முழுவதும் மிச்சம்.

பழைய பெட்டி

முதல் முறையில் கையில் இருந்தால். அந்த 'இருந்தால்' எனக்குப் பிடிக்கவில்லை.

மூடுபனி

எனக்கு அதைவிடப் பெரிய குறை. தம்பியிடம் அன்று "எப்போது தடுக்கலாம்?" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பானா?

சிவப்பு மலை

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் அண்ணா. நீங்கள் கேட்கவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். அதோடு, ஒரு முறை முழுவதும் கார்டு உங்கள் கண்முன்னே கொட்டையோடு உட்கார்ந்திருந்தது. நான் இரண்டு மானா மிச்சம் பிடிப்பதற்குக் கொடுத்த விலையே அதுதான்: உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. உடனே 3 சேதம் செய்யும் லைட்னிங் போல்ட் இருந்திருந்தால் காட்டாமலே அடித்திருப்பேன்.

மூடுபனி

அந்தக் கடைசி வரியை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன். விதி தெரிந்தவனுக்குத்தான் அது முன்னறிவிப்பு. எனக்கு அது ஒரு தேயிலைக் கொட்டை.

சிவப்பு மலை

அக்கா, ஒரு சந்தேகம். அண்ணா கையை ஓங்கி மேசையில் வைத்தபோது கொட்டை உருண்டு பெஞ்சுக்குக் கீழே போய்விட்டது. அவர் அப்போதே "கவுன்டர் போய்விட்டது, இனி அது கிடையாது" என்று வாதாடினார். நான் தேடி எடுத்து வைத்தேன். சரியா?

ஊவா வாசல்

சரிதான். கொட்டை விழுந்தாலும் கவுன்டர் விழுவதில்லை. ஒன்று இருந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதுசரி மூடுபனி, கவுன்டர் போனால் மந்திரம் வரும் என்பதுதானே விதி? அன்று நீங்கள் வாதாடி ஜெயித்திருந்தால் ஒரு முறை முன்னதாகவே செத்திருப்பீர்கள். அடுத்த ஞாயிறு பகடை வாங்கி வாருங்கள்.