மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங்

ஆங்கிலச் சொற்களைத் தனித்தனியாகப் படிக்காமல், வழமையாகச் சேர்ந்து வரும் சொற்களோடு சோடி சோடியாகப் படிப்பது பற்றி இங்கே பலரும் எழுதியிருந்தீர்கள். கிளிநொச்சிப் பக்கம் பின்னேரங்களில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன், என் அனுபவத்தையும் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகளிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. 'ஸ்ட்ராங்' தெரியும், 'ரெயின்' தெரியும். எது எதோடு சேரும் என்பதை மட்டும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன அல்லவா? அதற்குப் பிறகு பரந்தன் பக்கத்துத் தம்பி ஒருவர், தகப்பனின் வயல் அழிந்ததைப் பற்றி ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக்கொண்டு வந்தார். 'ஸ்ட்ராங் ரெயின் கேவ் டமேஜ்' என்று இருந்தது. மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்'. தேத்தண்ணியும் 'ஸ்ட்ராங்'தான், ஆனால் ஏ9 வீதியில் வாகன நெரிசல் என்றால் 'ஹெவி ட்ரஃபிக்'. 'டமேஜ்' என்ற சொல்லோடு 'கிவ்' வராது, 'காஸ்' அல்லது 'டூ' வரும். 'ஹெவி ரெயின் காஸ்ட் சீரியஸ் டமேஜ் டு அவர் க்ராப்ஸ்' என்று திருத்தினோம். இரண்டு சொல் மாறியதும் கடிதம் நிமிர்ந்துவிட்டது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் முகமாலையில் மிதிவெடி அகற்றும் வேலை செய்கிற ஒரு அக்கா. மேற்பார்வையாளர் பதவிக்குப் போக ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வேண்டும் என்று வந்திருந்தார்.

"தம்பி, நாங்கள் வெடி புதைச்சது எண்டுதானே சொல்லுறம். இங்கிலீசில ஏன் 'லே' எண்டு போடுறாங்கள்?"

"புதைக்கிறதுக்கு 'பெரி' எண்டு போட்டாலும் விளங்கும் அக்கா. ஆனா மிதிவெடி எண்டா வழமையா 'லே' எண்டுதான் எழுதுறது. அப்பிடியே சேர்த்துப் படியுங்கோ."

அவருடைய வேலையையே வரிசையாகச் சொல்லச் சொன்னேன். நிலத்தைத் துப்புரவாக்கினால் 'கிளியர் தி ஏரியா'. உலோகம் தேடும் கருவி சத்தம் போட்ட இடத்தைக் கவனமாகத் தோண்டிப் பார்ப்பது 'இன்வெஸ்டிகேட் எ சிக்னல்'. முடிந்த காணியைச் சனத்திடம் கொடுப்பது 'ஹான்ட் ஓவர் தி லாண்ட்'. நான் ஒன்று சொல்ல, அவர் அதை வைத்துத் தன் வேலையிலிருந்தே ஒரு வசனம் சொல்வார். புத்தகத்தில் வரும் விமான நிலையமும் ஹோட்டலும் அவருக்கு எதற்கு? அவரவர் கையில் இருக்கும் வேலைக்கான சோடிகளைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தொல்லை வேறு மாதிரி. நாங்கள் பிழை 'விடுகிறோம்', ஆங்கிலத்தில் 'மேக் எ மிஸ்டேக்'. வீட்டுப்பாடத்துக்கு 'டூ'. சோதனை எடுப்பது மட்டும் அப்படியே பொருந்துகிறது, 'டேக் அன் எக்ஸாம்'. 'சிட் அன் எக்ஸாம்' என்றும் சொல்லலாம். 'டேக் எ டிசிஷன்' என்று எழுதிய பிள்ளைக்கு ஒரு ரியூசன் வகுப்பில் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். எனக்குச் சரியான கவலை. 'மேக்' கூடுதலாக வழங்குகிறது, உண்மைதான். ஆனால் பிரித்தானிய ஆங்கிலத்தில் 'டேக்' என்பதும் வழக்கில் உள்ளது. சரியாக எழுதிய பிள்ளையின் கையை முடக்குவது போன்ற கொடுமை வேறில்லை.

அப்புறம் ஒரு வேண்டுகோள். முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளைகளுக்காகச் சோடிகள் சேர்க்கிறேன். வலை வீசுவது 'காஸ்ட் எ நெட்', இழுப்பது 'ஹோல் இன்', கிழிந்ததைப் பொத்துவது 'மெண்ட்'. கரைவலைக்காரர் யாராவது இங்கே இருந்தால், உங்கள் வேலையை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை தமிழில் எழுதிப் போடுங்கோ. ஆங்கிலச் சோடிகளை நான் தேடித் தருகிறேன்.