வவுனியாவில் தங்கி மரபிடங்களைப் பார்ப்பது எப்படி?

இரணைமடுக்காரர்:
ஆவணி விடுமுறைக்குத் தமையனாரின் குடும்பம் கனடாவிலிருந்து வருகிறது. வவுனியாவில் அறை எடுத்து இரண்டு மூன்று நாள் தங்க விரும்புகிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் ஏ9 வீதியால் நேரே யாழ்ப்பாணத்துக்கோ அனுராதபுரத்துக்கோ போய்விடுகிறார்கள். வவுனியாவில் இறங்கினால் தேநீர் குடிப்பதற்கு மட்டுமே இறங்குகிறார்கள். பெறாமக்கள் இருவரும் பதின்ம வயதினர், வரலாறு படிக்க ஆர்வம் உள்ளவர்கள். அவர்களோடு என் தாயாரும் வருவார்; அவருக்கு முழங்கால் வலி இருப்பதால் நெடுநேரம் நடக்க இயலாது. கோயில்களைத் தவிர நகரில் பார்க்க எதுவும் உண்டா, மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் போய்விட்டு இரவே திரும்ப முடியுமா என்பவற்றை, அந்த வீதிகளில் அடிக்கடி போய் வருபவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

குளக்கட்டு:
முதல் நாளை நகருக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அரை நாளே போதும். ஹொரவப்பொத்தானை வீதியில் உள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்தை வவுனியாவில் பிறந்து வளர்ந்தவர்களே எட்டிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம். சிறிய கட்டடம்தான். ஆனால் கிளிநொச்சிப் பக்கத்தில் கிடைத்த சுடுமண் உருவங்களையும் சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய பழைய புத்தர் சிலைகளையும் ஒரே கூரையின் கீழ் கண்ட பிள்ளைகளுக்கு, வன்னியின் பழமை ஒரே சமயத்துக்கோ ஒரே மொழிக்கோ உரிய கதையன்று என்பதைத் தனியே விளக்கத் தேவையிராது. தாயாருக்கும் அங்கு அதிகம் நடக்க வேண்டியதில்லை. கிழமையில் ஒரு நாள் பூட்டியிருக்கும் என்பதால், எந்த நாள் என்பதை முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள்.

அதே வீதியில் நான்கு கிலோமீற்றர் அளவு சென்றால் மடுக்கந்தை விகாரை வரும். நான்காம் நூற்றாண்டில் கலிங்கத்திலிருந்து புத்தரின் பல்லாகிய தந்த தாதுவைக் கொண்டுவந்த இளவரசி ஹேமமாலையும் அவள் கணவன் தந்தகுமாரனும் அனுராதபுரம் செல்லும் வழியில் இங்கே தங்கினார்கள் என்பது மரபு. மாலையில் கோவில்குளம் அகிலாண்டேசுவரர் ஆலயத்துக்குப் போகலாம். கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) அண்மையில் நிற்கும், ஆங்கிலேயரை எதிர்த்த வன்னி அரசன் பண்டாரவன்னியனின் சிலையையும் காட்டுங்கள். அவனைப் பற்றி முல்லைத்தீவுப் பக்கத்தவர்கள் எழுதுவார்கள் என்று நம்புகிறேன்.

மாந்தைவழி:
மன்னாருக்கு ஒரு முழு நாள் வேண்டும். விடியற்காலையில் புறப்பட்டால் இரவுக்குள் திரும்பிவிடலாம். பலர் மடு மாதா ஆலயத்தில் தொடங்குகிறார்கள்; நான் அதற்கு எதிர். மதியப் பூசை முடிந்ததும் திருக்கேதீச்சரம் சிவன் கோயிலில் நடை சாத்தப்பட்டுவிடும். மடுவில் நேரத்தைக் கழித்துவிட்டு வருபவர்கள் பூட்டிய கோபுர வாசலைத்தான் கும்பிடுகிறார்கள். ஆகவே முதலில் திருக்கேதீச்சரத்துக்கே செல்லுங்கள். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம், பாலாவித் தீர்த்தம், மாதோட்டம் (மாந்தை) என்ற பழைய துறைமுகம் மண்ணுக்குள் கிடக்கும் மேட்டு நிலம் ஆகிய எல்லாம் ஒரே இடத்தில் உள்ளன. அந்த மேட்டில் நின்று பெறாமக்களுக்குச் சுந்தரரின் பதிகத்தை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். பாட்டில் வருகிற ஊர் எது என்பது அப்போது கண்முன் நிற்கும்.

பிறகு மன்னார்த் தீவுக்குள் சென்றால், போர்த்துக்கேயர் 1560இல் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை பாலத்தை அண்டியே இருக்கிறது. பள்ளிமுனையில் உள்ள பெருக்கமரத்தின் (பாவோபாப்) சுற்றளவு 19.5 மீற்றர், அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டது என்பார்கள். தாயார் அதன் நிழலில் இருக்கலாம். திரும்பும்போது கட்டுக்கரைக் குளத்தின் அணைக்கட்டில் சற்று நிறுத்துங்கள். அந்தப் பகுதியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் நடத்திய அகழாய்வில் ஏராளமான சுடுமண் உருவங்கள் வெளிப்பட்டன. அருங்காட்சியகத்தில் முதல் நாள் கண்டவற்றோடு பிள்ளைகள் அவற்றைத் தாங்களே இணைத்துப் பார்ப்பார்கள். மடுவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒல்லாந்தரின் கெடுபிடிக்குத் தப்பி, 1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்து கத்தோலிக்கர்கள் மாதாவின் திருச்சொரூபத்தைக் காட்டுக்குள் கொண்டுவந்த வழிக்கு அருகாகவே நீங்களும் வருவீர்கள். ஓகஸ்ட் 15 பெருவிழா என்பதால், அதற்கு முந்திய கிழமையில் வாகனம் நிறுத்தவே இடம் கிடைக்காது.

புகையிரதத்தை நம்பாதீர்கள். மன்னார்ப் பாதை மதவாச்சியில் பிரிவதால், வவுனியாவிலிருந்து தெற்கே போய்த்தான் திரும்ப வடமேற்கே வரவேண்டும்.

முள்ளியவளை வாசகர்:
முல்லைத்தீவுக்கு ஏ9 வீதியால் மாங்குளம் வரை ஏறிப் போக வேண்டியதில்லை. புளியங்குளத்தில் திரும்பி நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் வழியாகச் சென்றால் தான்தோன்றீஸ்வரர் ஆலயம் வழியிலேயே கிடைக்கும்; கற்சிலைமடுவும் அருகில்தான்.

கற்சிலைமடுவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் அங்கு போகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு உடனே ஏறிவிடுகிறார்கள். பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி ஆங்கிலேயப் படையை வெளியேற்றினான். அதே ஆண்டு ஒக்ரோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேக் அவனை இங்கே தோற்கடித்தார். அந்த வெற்றியைக் குறித்து ஆங்கிலேயர் தரப்பு நாட்டிய கல்லையே நாம் அவனது நினைவுக்கல்லாகப் போற்றி வந்தோம். ‘தோற்கடித்தார்’ என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லவில்லை. அன்றே அவன் இறந்தான் என்று அதில் இல்லை. மேடைப் பேச்சுகளில் கேட்டவற்றோடு கல்லில் பொறித்திருந்ததை ஒப்பிட்டுப் பார்ப்பது வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி. 2010இல் அந்தக் கல் உடைக்கப்பட்டது என்பதையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

வற்றாப்பளை கண்ணகை அம்மன் பொங்கல் வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமை நடைபெறுவதால், அதை நீங்கள் காண முடியாது. முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டுவிநாயகர் ஆலயத்தில் அந்த உப்பு நீரிலேயே விளக்கெரிப்பது அவ்விழாவின் மரபு. விழா இல்லாத நாளில் கோயில் அமைதியாக இருக்கும். நந்திக்கடல் அருகிலேயே இருக்கிறது. அங்கே போகும்போது அது 2009இல் போர் முடிந்த கரையும் என்பதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று பெரியவர்கள் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இரணைமடுக்காரர்:
மூவருக்கும் மிக்க நன்றி. விழாக் கூட்டத்தைத் தவிர்க்க, பயணத்தை ஓகஸ்ட் பிற்பகுதிக்குத் தள்ளுமாறு தமையனாரிடம் சொல்லியிருக்கிறேன். வாடகை வானுக்கு நாளொன்றுக்குப் பேசுவதா, கிலோமீற்றருக்குப் பேசுவதா நல்லது?

மாந்தைவழி:
மன்னாருக்குக் கிலோமீற்றர் கணக்கில் பேசுங்கள். தூரம் தெரிந்த பாதை. முல்லைத்தீவுக்கு நாட்கூலி நல்லது, இடையிடையே நிறுத்தச் சொன்னால் சாரதி முகம் சுளிக்கமாட்டார். கோயில்களுக்குள் செல்ல ஆண்களுக்கு வேட்டி ஒன்றையும் வானிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.