தங்கச்சிக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங்: மதுரையா, கோயம்புத்தூரா, சென்னையா? வீட்ல முதல் ஆள், வழி சொல்லுங்க

கரிசல்காட்டான்:

எல்லாருக்கும் வணக்கம். நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில கட்டிங்ல இருக்கேன், சொந்த ஊர் அருப்புக்கோட்டை பக்கம் ஒரு கிராமம். தங்கச்சி ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல், தமிழ் மீடியம். இப்ப கட்ஆஃப் 200க்கு 187.5 வந்திருக்கு, கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைங்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடும் இருக்குன்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க. எங்க வீட்ல இதுவரைக்கும் யாரும் காலேஜ் வாசப்படி மிதிச்சதில்ல, அதனால யாரைக் கேக்குறதுன்னே தெரியல.

அவளுக்கு சென்னை கிண்டி காலேஜ்ல படிக்கணும்னு ஆசை, எந்த பிராஞ்சா இருந்தாலும் பரவாயில்லங்கிறா. அம்மா மதுரையத் தாண்டி விடமாட்டேன்னு நிக்குது. நான் பக்கத்துல இருப்பேன்ல, கோயம்புத்தூர் ஜிசிடி (அரசு தொழில்நுட்பக் கல்லூரி) போடலாம்னு நெனைக்கிறேன். ஊர்ல ஒரு ப்ரௌசிங் சென்டர்ல கேட்டா "கிடைக்கிற காலேஜ மேல போடு, கிடைக்காதத மேல போட்டா இருக்கிறதும் போயிரும்"னு சொல்றாங்க, அது உண்மையா? இன்னொன்னு, அவ பயப்படுறது இங்கிலீஷுக்குத்தான். ராத்திரி அழுதுக்கிட்டே "அண்ணே, அங்க எல்லாம் இங்கிலீஷ்லயே நடத்துவாங்களாம், நான் பேசாம பிஎஸ்சி சேந்துக்கிறேன்"னு போன்ல சொல்லுது. தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க, ரெண்டு நாள்ல சாய்ஸ் ஃபில் பண்ணணும்.

வைகைக்கரை வாத்தியார்:

தம்பி, முதல்ல அந்த ப்ரௌசிங் சென்டர் சொன்னது தப்பு, அத மனசுல இருந்து எடுத்துருங்க. டிஎன்இஏல, அதான் இந்த இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல, ரேங்க் வரிசைப்படி ஒவ்வொரு பிள்ளையோட லிஸ்டையும் மேல இருந்து கீழ பாக்குது, அந்த நேரத்துல எந்த இடம் காலியா இருக்கோ அது கிடைக்கும். கிண்டிய முதல்ல போட்டு அது கிடைக்கலைன்னா அடுத்ததுக்குப் போகும், அவ்வளவுதான், அதனால பத்தாவதா போட்ட காலேஜ் கைவிட்டுப் போகாது. மாத்திப் போட்டாத்தான் நஷ்டம். கிடைக்கிறத மேல வச்சுட்டா அது கிடைச்ச உடனே கீழ இருக்கிற ஆசைப்பட்ட காலேஜ சிஸ்டம் பாக்கவே பாக்காது. வருஷா வருஷம் நல்ல மார்க் எடுத்த பிள்ளைங்க இப்படி ஏமாந்து வந்து நிக்கிறத நான் பாக்குறேன், மனசு பொறுக்கல. அதனால ஆசை வரிசையிலயே போடுங்க, நிறையப் போடுங்க, அம்பது அறுபது போட்டாலும் தப்பில்ல. ஆனா சேர மனசில்லாத காலேஜ ஒன்னு கூட உள்ள விடாதீங்க.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏத்துக்கிட்டு சேர்றேன், ஏத்துக்கிட்டு மேல உள்ளதுக்கும் காத்திருக்கேன், இது வேண்டாம் மேல உள்ளது மட்டும் வேணும், இந்த மாதிரி அஞ்சு ஆப்ஷன் காட்டும். மேல ஒரு காலேஜ் நிஜமாவே வேணும்னா ரெண்டாவது நல்லது, மேல உள்ளது கிடைச்சா பழைய சீட் தானா போயிரும், கிடைக்கலைன்னா பழசு கையில இருக்கும். கொடுத்த தேதிக்குள்ள உறுதி பண்ணணும், அதுல ஒரு நாள் கூட அசால்ட்டா இருக்காதீங்க.

காலேஜ் பாக்குறதுல ஒரே ஒரு விஷயம் சொல்றேன். என்பிஏங்கிற தேசிய அங்கீகார வாரியம் குடுக்கிற அங்கீகாரம் பிராஞ்சுக்கு பிராஞ்ச் தனித்தனியா குடுக்கிறது, காலேஜுக்கு மொத்தமா இல்ல, அதனால நோட்டீஸ்ல என்பிஏன்னு போட்டிருந்தா எந்த பிராஞ்சுக்குன்னு கேளுங்க. தேர்ச்சி சதவீதத்த அண்ணா பல்கலைக்கழகமே இணைப்புக் கல்லூரிகளுக்கு செமஸ்டர் வாரியா போடுது, ஆனா தன்னாட்சி காலேஜ் தானே கொஸ்டின் பேப்பர் போட்டு தானே திருத்துறது, அந்த சதவீதத்தையும் இதையும் பக்கத்துல வச்சு ஒப்பிடக்கூடாது. லிஸ்ட்ல சில பிராஞ்ச் பக்கத்துல எஸ்எஸ்னு இருக்கும், அது சுயநிதிப் பிரிவு, ஃபீஸ் கூட.

நீங்க சொன்ன மூணுமே பழைய, நல்ல காலேஜ்தான். கிண்டி 1794ல சர்வே ஸ்கூலா ஆரம்பிச்சது, ஜிசிடி 1945, மதுரை தியாகராசர் 1957. இன்னொன்னு விட்டுட்டீங்க, காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுக் கல்லூரி, 1952ல ஆரம்பிச்சது, உங்க ஊருக்கும் ரொம்ப தூரமில்ல. அதையும் சேத்துக்குங்க.

மழைத்துளி:

அண்ணா, நான் உங்க தங்கச்சி மாதிரியே தமிழ் மீடியத்துல இருந்து வந்தவதான், இப்ப படிப்பு முடிச்சு வேலைக்குப் போறேன், அதனால இங்கிலீஷ் விஷயத்த மட்டும் நான் சொல்றேன், அவகிட்ட இத அப்படியே படிச்சுக் காட்டுங்க.

முதல் வாரம் மேத்ஸ் கிளாஸ்ல சார் டிட்டர்மினன்ட் டிட்டர்மினன்ட்னு சொல்றாங்க, எல்லாரும் தலையாட்டுறாங்க, எனக்கு ஒன்னும் ஓடல. போர்டுல ரெண்டு கோடு போட்டு நடுவுல நம்பர் எழுதினதும்தான் "அட இது அணிக்கோவை"ன்னு தெரிஞ்சுது. அன்னிக்கு ஹாஸ்டல் போய் ஒரு குட்டி நோட்டுல ரெண்டு பக்கமா எழுத ஆரம்பிச்சேன், மேட்ரிக்ஸ்னா அணி, இன்டகிரேஷன்னா தொகையிடல், இன்டர்ஃபெரன்ஸ்னா குறுக்கீட்டு விளைவு, டிஃப்ராக்‌ஷன்னா விளிம்பு விளைவு, இப்படியே ஒரு நூத்தம்பது வார்த்தை இருக்கும். அவ்வளவுதாண்ணா, அந்த நூத்தம்பது வார்த்தைதான் எனக்கும் மத்தவங்களுக்கும் இருந்த வித்தியாசம், கணக்கு அவளுக்கு ஏற்கனவே தெரியும். லீவுல இருக்கிற இந்த நாள்ல பன்னெண்டாவது இங்கிலீஷ் மீடியம் மேத்ஸ், பிசிக்ஸ் புக்க யார்கிட்டயாவது வாங்கி தமிழ் புக்கு பக்கத்துல வச்சுப் படிக்கச் சொல்லுங்க, பாடமும் பக்கமும் கிட்டத்தட்ட ஒன்னாத்தான் இருக்கும்.

நான் படிச்சது அண்ணா பல்கலைக்கழகத்தோட 2021 ரெகுலேஷன் (பாடத்திட்டம்), முதல் செமஸ்டர்லயே பைத்தான் ப்ரோக்ராமிங், மேட்ரிசஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, இங்கிலீஷ், அதோட தமிழர் மரபுன்னு ஒரு பாடமும் இருந்துச்சு. கம்ப்யூட்டர தொட்டே பாக்காதவ நான், பைத்தான்ல முதல் இன்டர்னல்ல 50க்கு 14 எடுத்தேன். அழுதேன். ரூம்ல இருந்த சேலத்துப் பொண்ணுதான் தெனமும் சாப்பிட்டு வந்து அரை மணி நேரம் சொல்லிக் குடுத்தா, நான் அவளுக்கு மேத்ஸ் சொல்லிக் குடுத்தேன். கேக்க வெக்கப்படக்கூடாதுண்ணா, அதுதான் முதல் வருஷத்துல பெரிய விஷயம். வெக்கப்பட்டு பின்னாடி பெஞ்சுல உக்காந்த என் ஃப்ரெண்ட் ஒருத்தி நாலு அரியர் வச்சு அதுலயே ரெண்டு வருஷம் கஷ்டப்பட்டா, நல்லாப் படிக்கிற பொண்ணு.

அப்புறம் முதல் மாசம் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊருக்கு பஸ் ஏறிட்டேன், அது தப்புன்னு இப்ப நெனைக்கிறேன். ஹாஸ்டல்ல எல்லாரும் பழகுறதே அந்த சனி ஞாயிறுலதான். திங்கக்கிழமை வந்து பாத்தா எல்லாரும் ஜோடி சேந்துட்டாங்க, நான் மட்டும் புதுசா நிப்பேன். அவ முதல் ஒரு மாசமாவது ஊருக்கு வராம இருக்கட்டும், வேணும்னா நீங்களும் அம்மாவும் போய்ப் பாத்துட்டு வாங்க.

கரிசல்காட்டான்:

அக்கா, ஸ்பீக்கர்ல போட்டு முழுசாப் படிச்சுக் காட்டுனேன். அணிக்கோவைன்னு சொன்ன உடனே சிரிச்சுட்டா, ரொம்ப நாள் கழிச்சு சிரிச்சா. ரொம்ப நன்றி. சார், லிஸ்ட்ட நீங்க சொன்ன மாதிரி மாத்திட்டோம், கிண்டி, சென்னை குரோம்பேட்டை எம்ஐடி, ஜிசிடி, தியாகராசர், காரைக்குடின்னு போகுது. செலவு பத்தி மட்டும் கேக்கணும், ஹாஸ்டல் பீஸ் என்ன ஆகும்னு அம்மா பயப்படுது. ராகிங் பத்தியும் கேக்குது.

வைகைக்கரை வாத்தியார்:

7.5 ஒதுக்கீட்டுல சீட் வந்தா படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் எல்லாம் அரசாங்கமே கட்டுது, 2021ல இருந்து இது நடைமுறையில இருக்கு, தனியார் காலேஜ்ல கவுன்சிலிங் வழியா கிடைச்ச சீட்டுக்கும் உண்டு. யாராவது வேற பேர் சொல்லி பணம் கேட்டா ரசீது கேளுங்க, எழுத்துல கேளுங்க. அதோட அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுங்களுக்கான புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா அவ அக்கவுன்ட்டுக்கே வரும், காலேஜ் சேந்ததும் அங்கயே விண்ணப்பிக்கலாம், அவ பேர்ல பேங்க் அக்கவுன்ட் இப்பவே ஆரம்பிச்சு ஆதார் இணைச்சு வைங்க. முதல் பட்டதாரி சான்றிதழும் இ-சேவைல வாங்கி வச்சிருங்க, 7.5ல வராம பொதுவுல சீட் வந்தா அதுதான் ஃபீஸ்ல உதவும்.

ராகிங் பயம் அம்மாவுக்கு வர்றது நியாயம், நானே அந்தக் காலத்துல ஹாஸ்டல்ல இருந்தவன். 1997லயே நம்ம மாநிலத்துல ராகிங்குக்கு சட்டம் வந்தாச்சு, இப்ப காலேஜ்ல சேரும்போதே பிள்ளையும் பெத்தவங்களும் உறுதிமொழி எழுதிக் குடுக்கணும். 1800-180-5522 தேசிய உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பாங்க. அவ போன்ல போட்டுக் குடுங்க. சின்னதா எதுவும் நடந்தாலும் மறைக்காம உங்ககிட்ட சொல்லணும்னு இப்பவே பேசி வைங்க, திட்டுவீங்கன்னு பயந்துதான் பிள்ளைங்க மறைக்கிறாங்க.

ரெண்டாம் வருஷத்துக்காரன்:

ப்ரோ ஒரு சின்ன விஷயம், டிசி, மார்க்‌ஷீட், கம்யூனிட்டி எல்லாத்தையும் காலேஜ்ல வாங்கி வச்சுப்பாங்க, அதனால குடுக்கிறதுக்கு முன்னாடி அஞ்சு செட் ஜெராக்ஸ், போன்ல ஸ்கேன் பண்ணி ரெண்டு இடத்துல போட்டு வைங்க. எனக்கு ஸ்காலர்ஷிப்புக்கு ஒரு ஜெராக்ஸ் இல்லாம மூணு நாள் அலைஞ்சேன். பூட்டு ரெண்டு, பக்கெட், சில்வர் தட்டு, டம்ளர், இதெல்லாம் ஊர்லயே வாங்கிருங்க, காலேஜ் வாசல்ல வெல அதிகம்.

கரிசல்காட்டான்:

ஜிசிடில இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) கிடைச்சிருக்கு! கிண்டி வரலைன்னு முதல்ல கொஞ்சம் சுணங்குனா, மேல காத்திருக்கலாமான்னு கேட்டேன், ராத்திரி பூரா யோசிச்சு "இதுவே சேர்றேண்ணே"ன்னு சொல்லிட்டா. நேத்து ரெண்டு பேரும் தடாகம் ரோடு போய் காலேஜப் பாத்தோம், அம்மாவும் வந்துச்சு. கேட்ல இருந்த ஒரு சீனியர் பொண்ணு தானா வந்து ஹாஸ்டல், மெஸ் எல்லாம் கூட்டிட்டுப் போய் காட்டுச்சு, அதுவும் விருதுநகர் பக்கமாம், அம்மா அந்தப் பொண்ணு கையப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. இன்னும் ஒன்னு கேக்கணும், ட்ராயிங் பாடத்துக்கு டிராஃப்டர்னு கோடு போடுற கருவி ஒன்னு வாங்கணுமாமே, புதுசா வாங்கணுமா?

மழைத்துளி:

வாங்காதீங்கண்ணா, என்னோடது வீட்ல சும்மாதான் கிடக்கு. உள்டப்பில (தனி மெசேஜ்ல) உங்க அட்ரஸ் அனுப்புங்க, குட்டி நோட்டையும் சேத்து பார்சல் போட்டுடுறேன்.