காய்ச்சலும் ஹார்மோன் மாத்திரையும்: ரத்தம் உறைந்த அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

சத்துவாச்சாரி அக்கா:
2021 மே மாதம். வேலூரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் வீட்டுக்கு ஒருத்தர் படுத்திருந்த நேரம். என் தங்கைக்கும் கொரோனா. ஆக்சிஜன் நன்றாகவே இருந்ததால் மாடி அறையில் தனியாக வைத்துப் பார்த்துக்கொண்டோம். பிசிஓடிக்காக, அதாவது சினைப்பை நீர்க்கட்டிக்காக, அவள் ஹார்மோன் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள், அந்த 21 மாத்திரை அட்டைதான். காய்ச்சல் விட்ட பிறகு இடது கெண்டைக்கால் இழுக்கிறது என்றாள். படுத்தே கிடந்தால் அப்படித்தான் இருக்கும் என்று அம்மா தைலத்தை எடுத்துக்கொண்டு போனார். பின்னாலேயே போன நான் காலைப் பார்த்தேன். வலது காலில் கொலுசு எப்போதும்போல் தொளதொளவென்று கிடக்கிறது. இடது காலில் அது சதைக்குள் பதிந்து, கொக்கியைக் கழற்ற நகம்கூட நுழையவில்லை. தொட்டால் அந்தக் கால் மட்டும் சுடுகிறது.

டாப்ளர் ஸ்கேனில் தொடை வரை உறைந்திருந்தது. ஆனால் என் மனசை விட்டுப் போகாதது வேறு. முதலில் காட்டிய கிளினிக்கில், "வேற மாத்திரை ஏதாவது போடறாங்களா?" என்று கேட்டார்கள். "ஒண்ணும் இல்ல சார், சுகர் பிரஷர் எதுவும் கிடையாது" என்று அம்மா சொல்லிவிட்டார். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணம் ஆகாத பெண். பிசிஓடிக்குத் தருவதும் கருத்தடைக்குத் தருவதும் பெரும்பாலும் ஒரே வகை மாத்திரை, வெளியே தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். சீட்டில் அது ஏறவே இல்லை. வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

குடியாத்தம் மருமகள்:
எனக்கு நடந்தது. கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி. அன்றைக்கு எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் உட்கார இடம் இருக்காது, அத்தனை சொந்தமும் வந்துவிடும். நாள் தள்ளிப்போட மெடிக்கலில் மாத்திரை கேட்டேன், சீட்டு கேட்காமலே கொடுத்தார்கள். நடுவில் வைரல் காய்ச்சல் வந்தும் மாத்திரையை விடவில்லை. திருவிழா முடிந்து மொட்டை மாடிக்குத் துணி எடுக்க ஏறினால், பாதிப் படியில் மூச்சு முட்டுகிறது. இழுத்து மூச்சு விட்டால் வலது விலாவில் சுருக்கென்று குத்துகிறது. வெயில், காய்ச்சல் அசதி என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் என்ன மாத்திரை என்று கேட்டார். என் பர்ஸில் இருந்தது கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்த அட்டைத் துண்டு. பேர் இருந்த பக்கம் கடையிலேயே தங்கிவிட்டது, என் கையில் இருந்ததில் "மி.கி." மட்டும் படிக்க முடிந்தது. அதை அவர் டியூப் லைட்டுக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை இன்னும் மறக்க முடியவில்லை. வீட்டுக்காரர் கடைக்கே போய் முழு அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பினார்: நாரெத்திஸ்டிரோன் 5 மி.கி. சி.டி. எடுத்ததில் நுரையீரலில் ரத்தக்கட்டி. இப்போது எந்த மாத்திரை வாங்கினாலும் பேர் இருக்கிற பக்கமாக வெட்டிக் கொடுங்கள் என்று நின்று வாங்குகிறேன்.

ஆம்பூர்க்காரன்:
என் மனைவி ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறாள். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை, கூடவே ஃப்ளூ. காய்ச்சல் போனது, தலைவலி போகவில்லை. சைனஸ் என்று ஆவி பிடித்தாள். படுத்தால் வலி கூடுகிறது, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை என்றாள். அதற்கு அர்த்தம் இருக்கிறது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கொசுவம் வைக்கிறாள், வலது கையில் மடிப்பு நிற்கவில்லை. நழுவுகிறது, மறுபடி எடுக்கிறாள், நழுவுகிறது. "ஏங்க, இந்தக் கை என்னுது மாதிரியே இல்லங்க" என்றாள். ஆஸ்பத்திரி வாசலில் ஃபிட்ஸ் வந்துவிட்டது. மூளையிலிருந்து ரத்தம் இறங்கும் நாளத்தில் அடைப்பு, எம்.ஆர். வெனோகிராம் என்ற ஸ்கேனில் தெரிந்தது. பிழைத்துவிட்டாள், கை முக்கால்வாசி திரும்பிவிட்டது. இந்த மாத்திரை விஷம். படிக்கிற பெண்கள் எல்லாரும் இன்றைக்கே தூக்கிப் போடுங்கள்.

வார்டில் இருந்தவள்:
ஆம்பூர் தம்பி, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் எல்லாரும் தூக்கிப் போடுங்கள் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் பல வருஷம் நர்ஸாக இருந்தவள். மாத்திரைக்குப் பயந்து பாதி அட்டையில் நிறுத்தி, கர்ப்பமாகி, பிரசவத்துக்குப் பிறகு கால் வீங்கி வந்த பெண்ணை நான் பார்த்தேன். வராந்தாவில் மாமியார் கையில் குழந்தை அழும். ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஹெப்பாரின் ஊசி போடும்போது அவள் ஊசியைப் பார்க்க மாட்டாள், கதவையே பார்ப்பாள்.

கணக்கைப் பாருங்கள். மாத்திரையும் போடாத, கர்ப்பமும் இல்லாத 10,000 பெண்களில் வருஷத்துக்கு 1 முதல் 5 பேருக்கு இந்த ரத்தக்கட்டி வரும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த மாத்திரை போடுகிறவர்களில் 3 முதல் 9 பேர். கர்ப்பிணிகளில் 5 முதல் 20. பிரசவமான முதல் 12 வாரத்தில் அதே கணக்கு 40 முதல் 65 வரை ஏறுகிறது. திடீரென்று நிறுத்திவிட்டு வேறு ஏற்பாடு இல்லாமல் இருந்தால் எங்கே போய் நிற்போம் என்று யோசியுங்கள்.

காய்ச்சலில் ஏன் கூடுகிறது என்றால், ஈஸ்ட்ரோஜன் ஏற்கெனவே ரத்தத்தில் உறையவைக்கும் புரதங்களைக் கூட்டி, உறையாமல் தடுக்கும் புரோட்டீன் எஸ்-ஐக் குறைத்து வைத்திருக்கும். வைரஸ் அதன்மேல் ரத்தக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது, கொரோனாவில் இது அதிகம். அப்புறம் வாய்க்கசப்பில் தண்ணீர் இறங்காது, நாள் முழுக்கப் படுக்கை. நம்ம ஊர் மே மாத வெயிலில் உடம்பு எவ்வளவு சீக்கிரம் வறண்டு போகும் என்று உங்களுக்கே தெரியும்.

லேசான காய்ச்சல், வீட்டுக்குள் எழுந்து நடக்கிறார் என்றால் பொதுவாக மாத்திரையை நிறுத்தச் சொல்வதில்லை. அட்மிட் ஆகும் அளவுக்குப் போனால் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை நிறுத்தி வேறு வழி சொல்வார்கள். எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். குடியாத்தம் பெண்ணே, நீ போட்டது ஈஸ்ட்ரோஜன் கலக்காத, புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் வகைதான். ஆனால் 5 மி.கி. தினம் மூன்று வேளை என்று போகும்போது அதில் ஒரு பங்கு உடம்புக்குள்ளேயே ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. திருவிழாவுக்குத் தானே என்று கடையில் நேராக வாங்குவது எனக்குப் பிடிக்காது, குடும்பத்தில் யாருக்காவது கட்டி வந்திருந்தால் தொடவே கூடாது.

வலி மாத்திரை பற்றியும் சொல்லிவிடுகிறேன். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவற்றை ஹார்மோன் கருத்தடையோடு சேர்த்துப் போட்டால் கட்டி வருவது கூடுகிறது என்று 2023-ல் டென்மார்க் ஆய்வு ஒன்று வந்தது. டெங்குவோ என்று சந்தேகம் இருந்தால் இவை எப்படியும் கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்கும் டி-டைமர் ரத்தப் பரிசோதனை கூடுதலாக வந்ததும் அழாதீர்கள், காய்ச்சலிலேயே அது கூடும், ஸ்கேன்தான் சொல்லும். ஒரு கால் மட்டும் வீங்கினால் தைலம் தேய்க்காதீர்கள், நீவி விடாதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆம்பூர்க்காரன்:
10,000-ல் 9 பேர் என்கிறீர்கள் அம்மா. அந்த ஒன்பதில் ஒருத்தி என் வீட்டில் இருக்கிறாள். அட்டையைக் கொடுத்த இடத்தில், "தலைவலி விடலைன்னா உடனே வாம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, தூக்கிப் போடச் சொன்னதை விட்டுவிடுகிறேன். அதைச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

வாலாஜா அம்மா:
என் மகளுக்கு நேர் எதிராக நடந்தது. டெங்கு, தட்டணு (பிளேட்லெட்) குறைந்துவிட்டது, அதே சமயம் மாதவிடாய். நாப்கின் தாங்கவில்லை, பெட்ஷீட் நனைந்தது. ஆஸ்பத்திரியில் நிறுத்துவதற்கு இதே நாரெத்திஸ்டிரோன் எழுதினார்கள். வாட்ஸ்அப்பில் படித்த பயத்தில் வேண்டாம் என்று சண்டை போட்டேன். லேடி டாக்டர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னிக்கு உங்க பொண்ணுக்கு உறையறது பிரச்சினை இல்லம்மா, உறையாததுதான் பிரச்சினை. நாங்க தினம் காலைப் பார்க்கறோம்" என்றார். பார்க்கவும் செய்தார், காலையிலும் மாலையிலும் இரண்டு கெண்டைக்காலையும் அழுத்திப் பார்ப்பார். மகள் நல்லபடியாக வீட்டுக்கு வந்தாள். இதைப் படித்துவிட்டு டாக்டர் எழுதிய மாத்திரையை யாரும் மறுத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

பேரணாம்பட்டு:
சத்துவாச்சாரி அக்கா கேட்டதற்கு என் பதில். போன மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல். கிளினிக்குக்கு மாமியாரும் வீட்டுக்காரரும் கூட வந்தார்கள். டாக்டர் வயசானவர். நாடி பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியில இருங்க" என்றார். மாமியார் நகரவில்லை. "அம்மா, உங்களைத்தான்" என்று மறுபடி சொல்லி, கதவு சாத்துகிற வரை பேனாவை எடுக்கவில்லை. அப்புறம்தான் கேட்டார்: "குழந்தை வேணாம்னு ஏதாவது போடறியாம்மா?" மாலா-என் என்றேன். வீட்டில் யாருக்கும் தெரியாது, அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். குடும்பத்தில் யாருக்காவது கால் வீங்கி ரத்தம் உறைந்ததா என்று கேட்டார். என் அம்மாவுக்கு வந்ததைச் சொன்னேன். இதை முன்னாலேயே யாரும் கேட்கவில்லையா என்று கேட்டுவிட்டு மாத்திரையை நிறுத்தச் சொன்னார், காய்ச்சல் சரியானதும் காப்பர்-டி போட்டுக்கொள்ளச் சொல்லித் தனிச் சீட்டு எழுதினார். அந்தச் சீட்டை மட்டும் மடித்து என் கையில் கொடுத்தார், காய்ச்சல் சீட்டை வெளியே இருந்தவர்களிடம் கொடுத்தார்.