மறு: பாஸ்பேட் திரும்ப ஏறுவதற்கு ஒரு சொல்: ‘மீளூறல்’

நண்பர்களுக்கு வணக்கம். கடல்நீர்ப் பவளத்தொட்டிக் கையேட்டுக்காக, நீரில் குறைத்த பாஸ்பேட் கல்லிலிருந்து திரும்ப ஏறுவதை ‘மீளூறல்’ என்று சொல்லலாம் என்றிருந்தேன். அதற்கு வந்த மறுப்புகளுக்கு இது பதில்.

> ‘மீள்கசிவு’ என்றே வைத்துக்கொள்ளலாமே, புதுச்சொல் எதற்கு?

தேவகோட்டை அண்ணன் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். தொட்டி வைத்திருப்பவரிடம் ‘கசிவு’ என்று சொல்லிப் பாருங்கள். கண்ணாடி மூலையில் சிலிகான் விட்டிருக்கிறதா என்று அடியில் கையை விட்டுத் தடவுவார். அந்தச் சொல்லுக்கு அங்கே ஏற்கெனவே வேலை இருக்கிறது. வேதியியல் பேராசிரியர் ஐயா சொன்ன ‘பரப்பு நீக்கம்’ (பரப்பில் ஒட்டியது விட்டு விலகுவது, desorption) பாடநூலில் சரிதான். ஆனால் ‘பாஸ்பேட்டின் பரப்பு நீக்கம்’ என்று எழுதினால், பாஸ்பேட்டை நீக்கியாயிற்று என்றுதான் புதியவர் படிப்பார். நடப்பது அதற்கு நேர்மாறு.

நடப்பது இதுதான். தொட்டி நீரில் கரைந்து நிற்கும் பாஸ்பேட் கொஞ்சம்தான். மீன் தீனியிலும் கழிவிலும் வந்ததில் பெரும்பங்கு மாதக்கணக்காகச் சுண்ணாம்புக் கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கிடக்கிறது. நீரில் அளவு இறங்கியதும் கல் தன்னிடம் இருப்பதை விடத் தொடங்கும்.

கானாடுகாத்தான் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கிணறு சித்திரையில் மோட்டார் போட்டால் அரைமணியில் வெறித்துவிடும். இரவு விட்டு விடியலில் எட்டிப்பார்த்தால் ஒன்றரை உறைக்கு நீர் நிற்கும். “ஊறியிருக்கு” என்பார் அப்பத்தா. கசிந்திருக்கிறது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கல் பாஸ்பேட்டை விடுவதும் இந்த ஊறல்தான். எடுத்தால்தான் வரும், எடுத்த வேகத்துக்கு வராது, கல்லில் இருப்பு தீரும்வரை வந்துகொண்டே இருக்கும்.

சொல் இல்லாததால் நான் பட்டதைச் சொல்கிறேன். என் தொட்டியில் மென்பவளங்கள் மட்டும்தான். (நம் கடலின் கல்பவளம் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, அதைத் தொடக்கூடாது.) போன ஆண்டு பாஸ்பேட் 0.42 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில்) காட்டியது. பாஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்பு ஆக்சைடு குருணையை, டப்பாவின் மேல் எழுதியிருந்த அளவு முழுவதும், தொட்டி நீர் ஓடும் வடிகுழாயில் கொட்டி ஓட்டினேன். மூன்றாம் நாள் 0.03. அன்று மாலையே தோல்பவளம் (leather coral) விரல்களை மடக்கிச் சுருங்கி, மேலே மெழுகுத்தாள் போல ஒரு படலம் கட்டியது. பொத்தான் பவளங்களில் (button polyps) ஒன்றுகூட விரியவில்லை. பயந்து குருணையை எடுத்தேன். பத்து நாள் கழித்து அளந்தால் 0.27. தீனி அதிகம் என்று நினைத்து மீன்களைப் பட்டினி போட்டேன். குற்றம் தீனியில் இல்லை, கல் ஊறியிருக்கிறது. அதைச் சொல்ல ஒரு சொல் அன்று கையில் இருந்திருந்தால் மீன்கள் பட்டினி கிடந்திருக்காது.

இப்போது நான் செய்வது: குருணையைக் கால் பங்கில் தொடங்கி, வாரம் இரண்டுமுறை அளந்து, இருப்பதில் கால்வாசிக்கு மேல் ஒரு வாரத்தில் இறங்கவிடுவதில்லை. 0.1-க்குக் கீழே வந்தால் போதும், 0.03-க்குக் கீழே போகவிடுவதில்லை. பூச்சியமாக்கினால் பவளத்துக்குள் வாழும் பாசி பட்டினியாகிப் பவளம் வெளிறும். நீரின் கார அளவையும் (alkalinity) கூடவே பார்க்கிறேன், குருணை அதையும் இழுக்கக்கூடும். பாஸ்பேட்டைப் பொடியாகப் படியவைக்கும் லாந்தனம் குளோரைடு கரைசல் வேகமானது; சொட்டுச்சொட்டாக விட்டு, உண்டாகும் வெண்பொடியை மிக நுண்ணிய வடிபையில் பிடிக்கவேண்டும். சில மீன்களுக்கு, முக்கியமாக டேங் (tang) என்னும் கடல்மீன் வகைக்கு, அது ஆகாது என்பதால் நான் தொடவில்லை.

இனி ‘ஊறல்’ மீது வந்த மறுப்பு. செய்தித்தாளில் ஊறல் என்றால் சாராய ஊறல், பேச்சில் சிலருக்கு அரிப்பு. நியாயமான மறுப்பு, ஏற்கிறேன். அதனால்தான் ‘மீள்’ சேர்த்தேன். மீளாய்வு, மீளமைப்பு போல மீளூறல். புணர்ச்சியில் இடறல் இல்லை. வினையாகவும் வளைகிறது: கல் மீளூறுகிறது, மீளூறும் கல், மீளூறல் நின்றது. ‘பரப்பு நீக்க’த்தை இப்படி வளைக்க முடியாது. வேதியியல் வகுப்பில் அது அப்படியே இருக்கட்டும். மீளூறல் தொட்டிக்காரரின் சொல்.

ஒரு இடத்தில் எனக்கே தெளிவில்லை. குருணை வைத்து மெல்லக் குறைப்பதை ‘இறைப்பு’ என்றால் கிணற்றுப் பேச்சோடு பொருந்தும்; ஆனால் தண்ணீர் மாற்றுவதையும் இறைப்பு என்றுதான் எங்கள் வீட்டில் சொல்கிறோம். ‘பாஸ்பேட் இறைப்பு’ என்று முழுதாக எழுதினால் குழப்பம் தீருமா? கோனாபட்டு, பள்ளத்தூர் பக்கம் கிணறு இறைப்பதற்கு வேறு சொல் வழங்கினால் எழுதுங்கள். கையேட்டின் மூன்றாம் பகுதியை அதற்குப் பிறகே அச்சுக்குத் தருகிறேன்.